பூஜ்யம் மணி

ஒப்பந்தம் நாலு பக்கம்.
சத்துவாச்சாரியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை.
லோகிதாசன் சார் பேனா மூடியைக் கழற்றித் தந்தார்.
'குறைந்தபட்ச வேலை நேரம்' என்ற இடத்தில்
ஒரு வட்டம் இருந்தது.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
"பூஜ்யம்மா அது. கூப்பிட்டா வேலை.
கூப்பிடலன்னா நீங்க ராணி."

எங்கள் ஊருக்கு ஒரு பழைய கேலி உண்டு:
தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
சாமி எப்போதோ திரும்பி வந்துவிட்டார்,
கேலிக்குள் மட்டும் இன்னும் வரவில்லை.
அவர் விட்ட இடத்தில் என்னை எழுதிக்கொள்ளுங்கள்:
வேலையில்லா வேலைக்காரி.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களோடு
ராத்திரி உட்கார்ந்திருப்பது என் வேலை.
மால்டா, தன்பாத், இன்னும் பேர் வாயில் வராத ஊர்கள்;
இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி
லாட்ஜ் அறையில் சோறு வடித்துத் தின்பவர்கள்.
அவர்கள் மகன் தூங்கும் நேரத்துக்கு நான் மகள்,
மணிக்கு அறுபத்தைந்து ரூபாய்.
வங்காளத்தில் பத்து வார்த்தை தெரியும்.
ஜொல் என்றால் தண்ணீர். பேத்தா என்றால் வலி.
முதல் ராத்திரி ஒரு கிழவர் பேத்தா பேத்தா என்று அழ
பேத்தியைக் கேட்கிறார் என்று
வராண்டா முழுக்கத் தேடினேன்.

பொய் சொல்லக் கூடாது, நல்லதும் இருக்கிறது.
முன்பு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி.
ஆறரைக்கு வேன்.
ஒன்றுக்குப் போக லைனுக்கு ஒரே அட்டை,
அது இன்னொருத்தி கையில் இருந்தால்
அடக்கிக்கொண்டு தைக்கணும்.
பி.எஃப். பிடித்தார்கள், போனஸ் தந்தார்கள்.
பெண் பெரியவளான அன்று
அரை நாள் தரவில்லை.

இப்போது லீவு லெட்டர் கிடையாது.
போன புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை
காரணம் ஒன்றுமில்லை, சும்மா,
"இன்னைக்கு முடியாது சார்" என்றேன்.
கோட்டை அகழி ஓரம் புல்லில் உட்கார்ந்து
அவித்த கடலை ஒரு பொட்டலம்
யாருக்கும் ஒன்றுகூடத் தராமல் தின்றேன்.
முப்பத்தெட்டு வயதில்
எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் வந்தது.

அப்புறம் பதினோரு நாள் போன் அடிக்கவில்லை.
திட்டவில்லை. நிறுத்தவுமில்லை.
"டிமாண்ட் இல்லம்மா" என்றார்.
எதிர்வீட்டு நவமணியை மட்டும்
டிமாண்ட் ஏழு ராத்திரி கூட்டிக்கொண்டு போனது.
முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு,
மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
சொன்ன பிறகு என்ன என்பதற்குப்
பக்கம் இல்லை.

திங்கள்கிழமை குழுக் கடன்.
வசூலுக்கு வருபவளுக்குப் பூஜ்யம் தெரியாது.

இதைச் சொல்ல வெட்கம்:
விளக்கேற்றிவிட்டு நின்றால்
என்ன கேட்பதென்று தெரிவதில்லை.
எனக்கு வேலை வரணும் என்றால்
எங்கோ ஒருவருக்கு ரத்தம் கெடணும்.
"பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிக்
கண்ணைத் திறந்துவிடுவேன்.

சில வருஷம் முன்னே ஒரு கார்த்திகையில் பாலாறு வந்தது,
குடம், பன்றி, யார் வீட்டுக் கதவோ,
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு.
ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது.
பேர் வைத்தவன் பொய் சொல்லவில்லை என்று
அன்று தெரிந்தது.
மறு வருஷம் அதே இடத்தில் கிரிக்கெட்.

இப்போது ராத்திரி ஒன்பதே கால்.
சீருடை மாட்டியாயிற்று. தலை வாரியாயிற்று.
போனைச் சார்ஜில் போட்டு
சத்தத்தை முழுக்க வைத்திருக்கிறேன்.
இப்படி உட்கார்ந்திருப்பதற்கு மணிக்கு எவ்வளவு என்று
நாலு பக்கத்திலும் தேடிப் பார்த்தாயிற்று.

பாயை விரித்துவிட்டு மகள் கேட்கிறாள்:
"போறியா, இருக்கியா?
தாழ் போடட்டுமா?"

போனில் வெளிச்சம் வருகிறது.
சார்ஜ் முழுசாகிவிட்டதாம்.

கொஞ்சம் பொறுடி என்கிறேன்.
அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி
நின்றுகொண்டிருக்கிறாள்.